மாதா என் விரலுக்குக் கொடுத்த பார்வை

மாதாவை நம்பும் அக்கா தங்கச்சிகளே, என் கண் போன கதையிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும்.

புதுச்சேரி மில்லில் நெய்த துணியில் குறை பார்க்கும் பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி. பிரெஞ்சுக்காரன் இருந்தபோதும் நான், போன பிறகும் நான். எங்களில் யாருக்கும் எழுத வராது. அதனால் தறிக்கு ஒரு கயிறு தொங்கும். இழை அறுந்திருந்தால் அந்தத் தறியின் கயிற்றில் சிவப்பு நூல் கட்டுவோம். அது மெஷின் கோளாறு. கறை இருந்தால் கறுப்பு நூல். அது நெய்பவன் அசட்டை. சனிக்கிழமை கயிறுகளைப் பார்த்து, எந்தத் தறிக்கு என்ன கேடு என்று, முசே என்று நாங்கள் கூப்பிடும் மில் மேனேஜரிடம் சொல்வேன். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் கண் நரம்பு கெட்டுப் பார்வை மங்கியது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை சிவப்பைக் கறுப்பு என்று சொல்லிவிட்டேன். அந்தத் தறியில் நெய்யும் கோவிந்தசாமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாசலில் அவன் பெண்சாதி கைக்குழந்தையோடு நின்றாள்.

“அந்தக் கயித்துல பூரா செவப்பாச்சே, மேஸ்திரியம்மா” என்றாள் அஞ்சலை, என்னோடு துணி பார்ப்பவள்.

நேரே முசேயிடம் போய் என் கண் தப்பு என்றேன்.

“கண்ணு போனவளுக்கு இங்க என்னா வேலை? வர்ற சனிக்கிழமை சரியா சொல்லு. இல்லன்னா நீயும் வீட்டுக்குப் போ, அவனும் போவட்டும்.”

தினமும் கோயிலில் அழுதேன். மாதாவே, கண்ணைக் கொடு. இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள். கண் இன்னும் மங்கியது. சனிக்கிழமை காலை செத்தவள் போல மில்லுக்குள் போனேன்.

அஞ்சலை ஒரு கயிற்றை என் கையில் திணித்தாள். “தடவிப் பாருங்க. ஒத்த முடிச்சு செவப்பு, ரெட்ட முடிச்சு கறுப்பு. வாரம் பூரா இப்பிடித்தான் கட்டினோம்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“உங்க வீராப்பு தெரியாதா? சொன்னா கயித்தப் புடுங்கி எறிஞ்சிருப்பீங்க.”

முசே பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு கயிறாகத் தடவிச் சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை. திங்கட்கிழமை கோவிந்தசாமி தறிக்குத் திரும்பினான்.

என் கண் இன்றுவரை திரும்பவில்லை. முன்பெல்லாம் யாரையும் தொடவிடாதவள், இப்போது அஞ்சலை கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அவளை அனுப்பியது என் மாதாதான்.

எல்லா வழியும் அடைத்துவிட்டது என்று அழுகிற தங்கச்சி யாராவது இருந்தால், மாதாவிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போங்கள். நான் அப்படித்தான் போனேன்.