புளி போட்டுத் தேய்த்த காசுகள்

பட்டான்செருவில் நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்று ஷிப்ட் முடிந்து போனைத் திரும்ப வாங்கியபோது தனம் அக்காவின் மிஸ்டு கால்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் முன்னால் அவர் கணவர் முருகையன் சாரின் மிஸ்டு கால் ஒன்று. அவரையே முதலில் அழைத்தேன். எடுத்தது அக்கா.

"அவரு பூட்டாருப்பா."

"யாருக்கா?" என்று கேட்டேன். கேட்டுத் தொலைத்தேன்.

தன் மியூசியத்தில் பழங்காசுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். எனக்கு எதற்கு போன் செய்தார்? வலிக்கிறது என்று சொல்லவா, புதுக் காசு கிடைத்தது என்று சொல்லவா? தெரியவில்லை. நாட்கள் போன பிறகும் அந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் போன மனிதர் மேல் கோபம் கோபமாக வருகிறது. அவரை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மல்காஜ்கிரியில் ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். விடுமுறையெல்லாம் தெலங்கானா கிராமங்களில் உழவில் கிளம்பிய காசுகளைத் தேடி அலைந்தார். பாத்திரக் கடையில் உருக்கக் காத்திருந்த குவியலிலிருந்து குதுப் ஷாஹி சுல்தான்கள் காலத்துக் காசுகளை மீட்டு வந்தார். கடைசியில் தன் வீட்டின் கீழ்த்தளத்தையே மியூசியமாக்கினார். காசுகளின் உலோகத்தைச் சோதிக்கப் போன என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் கெமிஸ்ட், ஆசிட்டெல்லாம் கேட்லயே வெச்சுட்டு வா" என்பார். காசின் முகத்தில் யார் விரல் பட்டாலும், "நக்கோ! விளிம்பைப் பிடி" என்று, 'வேண்டாம்' என்பதை எங்கள் ஊர் உருதுவில் சொல்லி ஓர் அதட்டல். கல்லூரி முதல்வருக்கும் அதே அதட்டல்தான்.

உறுதியில்லாத காசுக்கு எந்த அரசர் பெயரையும் எழுதமாட்டார். "தெரியலன்னா தெரியலன்னு எழுதுய்யா. செத்தவன் திரும்பி வந்து திருத்த முடியுமா?" என்பார்.

மியூசியம் திறப்பதற்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வந்தது. ரயில்வே காலனி வழக்கப்படி ஸ்பேனர் முதல் சைக்கிள் வரை துலக்கிப் பொட்டு வைப்பவர் அக்கா. அவரைப் பொறுத்தவரை சாரின் ஆயுதம் காசுதானே. களிம்பேறிய செப்புக் காசுகளை ஒரு தட்டு நிறைய எடுத்துப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்துவிட்டார். அரித்துப்போன காசில் களிம்புதான் எழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். களிம்போடு எழுத்தும் போய்விட்டது. சார் பார்த்தார். முகம் வெளுத்தது. அதட்டல் விழும் என்று காத்திருந்தேன். அவர் படையலிலிருந்து பொரியை அள்ளி என்னிடம் நீட்டி, "சாப்பிடுய்யா" என்றார்.

மறுநாள் அந்தக் காசுகளை முதல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். கீழே ஒரு சீட்டு: "ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்தவை. வெளியிட்டவர் தெரியவில்லை."

என் வாய் சும்மா இருக்குமா? "அக்கா மானத்தை வாங்கவா சார்?" என்றேன்.

"போய்யா. மத்த காசெல்லாம் யார் யார் கையில புழங்குச்சோ, எவனுக்குத் தெரியும்? இது தனம் கையில பட்ட காசு. அது எனக்குத் தெரியும்."

அக்கா அதன்பிறகு எந்தக் காசையும் தொட்டதில்லை. மியூசியத்தைப் பெருக்க வருவதோடு சரி.

காரியம் முடிந்ததும், மியூசியத்தை மூடிவிட்டுக் காசுகளை ஏதாவது கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம் என்று உறவினர்கள் பேசினார்கள். எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. பெட்டிகளை மூடத் துணி எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்துத் திருமுல்கேரியிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. சார் வரச் சொல்லியிருந்தாராம். அவர் போன விஷயம் அவர்களுக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கதவைத் திறந்தார். முதல் பெட்டியின் முன்னால் நின்று, "இதைத் தேச்சு எழுத்தைப் போக்குனது நான்தாம்மா" என்று ஆரம்பித்தார்.

பிறகு அடுத்த பெட்டியைத் திறந்து ஒரு காசை எடுத்தார். உதவுவதாக நினைத்து அதை வாங்கக் கை நீட்டினேன்.

"நக்கோ! விளிம்பைப் பிடி" என்றார் அக்கா.

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அழிக்காமல் வைத்திருக்கும் அந்த மிஸ்டு காலும், இனி அக்காவிடம் வாங்கப்போகும் இந்த அதட்டலும்தான்.