நான் பூச்சியம் எழுதிய கட்டம்

நோவு எவ்வளவு என்று கேட்டால் “அல்ஹம்துலில்லாஹ்”, எல்லாப் புகழும் இறைவனுக்கே, என்று பதில் சொல்பவருக்கு, பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் நான் எந்த இலக்கத்தை எழுத வேண்டும்?

இந்தக் கேள்வி வினாத்தாளில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வருகிற வியாழக்கிழமைப் பரீட்சைக்கு நான் படித்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இது ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. சோறு வடிக்கும்போது வருகிறது. பஸ்ஸில் துறைமுகத்தைத் தாண்டும்போது வருகிறது.

நான் திருகோணமலையில் தாதியாக வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்தவர்களை மயக்கம் தெளியும் வரை வைத்துப் பார்க்கும் அறைக்கு என்னைப் பழகுவதற்காக அனுப்பி எட்டு மாதமாகிறது. தியேட்டர் கதவு திறந்து தள்ளுகட்டில் வந்ததும் மூச்சு, நாடி, பிரஷர், விழிப்பு, கைகால் அசைவு எல்லாவற்றையும் பார்த்துப் புள்ளி போட வேண்டும். போதிய புள்ளி வந்தால்தான் வாட்டுக்கு அனுப்பலாம். நோவுக்கு மட்டும் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நோயாளி தன் வாயால் சொன்ன இலக்கத்தை எழுத வேண்டும்.

பரீட்சையில் எழுத்து ஒரு பகுதி. மற்றப் பகுதியில், வெளியிலிருந்து வரும் ஒரு பரிசோதகர் என் பக்கத்தில் நின்று, ஒரு நோயாளி வந்ததிலிருந்து போகும் வரை நான் செய்வதைப் பார்ப்பார். சித்தியடைந்தால் இந்த அறையிலேயே இருக்கலாம். இங்கே பெரும்பாலும் பகல் வேலை. தவறினால் பழைய வாட்டுக்கு, இரவு டியூட்டிக்குத் திரும்ப வேண்டும். மகளுக்கு மூன்று வயது. நான் இரவு வேலைக்குப் போன நாட்களில் அவள் வாசல் கதவில் சாய்ந்தபடியே தூங்கிப்போவாள் என்று அவளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமி சொல்லியிருக்கிறார். குறை சொல்வதாக அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அக்கா என்ற முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். நன்றாகவே விழித்தார். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். பிறகு அந்தக் கட்டத்துக்கு வந்தேன்.

“ராத்தா, நோவு எப்படி இரிக்கு? நோவே இல்லையெண்டா பூச்சியம். தாங்க ஏலாட்டிப் பத்து. எத்தனை எண்டு சொல்லுங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“நோவு இரிக்கா, இல்லையா?”

“அல்ஹம்துலில்லாஹ், மகள்.”

நான் பூச்சியம் என்று எழுதினேன்.

நாடி நூற்றுப் பன்னிரண்டு. அதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் தசையைத் தளர்த்திய மருந்தை முறிக்கக் கடைசியில் போடும் ஊசியும் நாடியைக் கூட்டும். அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பக்கத்துக் கட்டிலில் தொண்டைச் சதை எடுத்த ஒரு பெண்பிள்ளை விழித்துக் கத்தத் தொடங்கியது. ராத்தாவின் புள்ளிகள் போதுமாக இருந்தன. அவரை அனுப்பிவிட்டேன்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வாட்டிலிருந்து போன் வந்தது. அவர் வயிற்றைப் பிடித்தபடி மூச்சை ஆழமாக இழுக்க முடியாமல் விறைத்துப் படுத்திருக்கிறாராம். ஒட்சிசன் அளவு இறங்குகிறதாம். “ஏட்டில நோவு பூச்சியம் எண்டு இரிக்கு. அதால ஊசி போட யோசிச்சு டொக்டர் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்த நாங்க” என்று அங்கிருந்த தாதி சொன்னார். நான் எழுதிய ஒரு வட்டம் அந்தப் பெண்ணை அவ்வளவு நேரம் நோவோடு படுக்க வைத்திருக்கிறது. மோர்பின் போட்ட பிறகு அவர் தேறிவிட்டார். நான் தேறவில்லை.

பொறுப்புத் தாதி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அடுத்த நாள், தியேட்டரிலிருந்து ஆட்கள் வருவதற்கு முன், வெறும் கட்டிலைக் காட்டிக் கேட்டார்.

“நாடி நூற்றுப் பன்னிரண்டு. வாய் சைபர் எண்டுது. ஆரை நம்பப் போறீர்?”

“நாடியை, சிஸ்டர்.”

“அப்ப கட்டத்தில என்ன எழுதுவீர்?”

“ஆறு... ஏழு?”

“ஆர் சொன்னது ஏழெண்டு? அவ சொன்னவவோ?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“உம்மட இலக்கத்தை எழுதினா அது உம்மட நோவு, பிள்ளை. அவவின்ர நோவை எழுதும்” என்றார். எப்படி என்று கேட்டேன். “அது தெரிஞ்சா நான் ஏன் இஞ்ச நிக்கிறன், பரிசோதகராப் போயிருப்பன்” என்று சிரித்துக்கொண்டே கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு வீட்டிலும் படிப்பு இதுதான். கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறார். ஐந்து மணிக்கு வந்து குளித்ததும் பாயில் படுத்து எனக்கு நோயாளியாகிவிடுவார். அவருடைய தாடையை இரண்டு கையாலும் முன்னுக்குத் தூக்கிப் பிடித்துப் பழகுவேன்.

“மிஸ், இப்படிப் பிடிச்சா நான் எப்படித் தேத்தண்ணி கேக்கிற?”

“மயக்கத்தில இரிக்கிற ஆள் கதைக்கக் கூடாது.”

மகளுக்கும் முறை வேண்டும். தகப்பனுக்குப் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நோவு எத்தனை என்று கேட்டேன். “பத்து” என்றாள். பசி எத்தனை? “பத்து.” உம்மாவில் எவ்வளவு விருப்பம்? கொஞ்சம் யோசித்து, “பத்து” என்றாள்.

“இவதான் சரியான நோயாளி” என்றார் கணவர். “வியாழக்கிழமை இவளைக் கொண்டு போங்க, பாஸ்தான்.” பிறகு பாயில் எழுந்திருந்து என்னைப் பார்த்தார். “ஏன், இவ பிறந்த அண்டைக்கு நான் வந்து கேக்கக்குள்ள நீங்க என்ன சொன்ன?”

நான் பாடப் புத்தகத்தில் தாடை பற்றிய பக்கத்தைப் புரட்டினேன். ஆனால் நினைவு வந்துவிட்டது. அவருக்கு மட்டுமல்ல, அதற்கு முன் கேட்ட தாதிக்கும் அதைத்தான் சொன்னேன். மகளை அவசரமாக, என்னை முழு மயக்கத்தில் வைத்து, வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். பல் கிடுகிடுத்தது. வயிற்றின் மேல் சூடான இரும்பை வைத்தது போல இருந்தது. நான் அப்போதும் தாதிதான். பூச்சியத்திலிருந்து பத்து வரை எனக்குப் பாடம். ஆனாலும் எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டதும் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். பொய் சொல்ல நான் நினைக்கவில்லை. இன்று இலக்கம் கேட்டால், அன்றைக்கு எத்தனை என்று என்னால் சொல்ல ஏலாது.

போன கிழமை கிளினிக் நடைபாதையில் அந்த ராத்தாவைக் கண்டேன். மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் தங்கையோடு கதிரையில் இருந்தார். ஒருமுறை கடந்து போனேன். திரும்பி வந்தேன். என்னை அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

“ராத்தா, அண்டைக்கு உங்களுக்கு நோவு இருந்ததா?”

“வயித்த அறுத்துப்போட்டு நோவில்லாம இரிக்குமா, மகள்?”

“அப்ப நான் கேக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?”

“நீங்க எப்படி இரிக்கு எண்டு கேட்டீங்க. எப்படி இரிக்கு எண்டா அல்ஹம்துலில்லாஹ் எண்டுதானே சொல்லணும். உங்கட உம்மா வேற என்னத்தையும் பழக்கினவா?”

தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இவ மூத்தவளப் பெறக்குள்ளயும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்த. இன்னும் நேரம் இரிக்கு எண்டு மிட்வைப் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டா. வரக்குள்ள புள்ள வந்திட்டு.”

ராத்தாவும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து, குரலைக் குறைத்துச் சொன்னார்: “அண்டைக்கு உங்கட முகம் வெளிறிப்போய் இருந்திச்சி. மெஷினப் பாக்கிறீங்க, என்னப் பாக்கிறீங்க, திரும்ப மெஷினப் பாக்கிறீங்க. அங்கால ஒரு புள்ள கத்துது. இதுக்குள்ள நானும் நோவு எண்டு சொன்னா இந்தப் புள்ள என்ன செய்யும் எண்டு நெனச்சன்.”

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அவர்களுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து இரண்டு விடயங்களை மாற்றிப் பார்க்கிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. “ஒருக்கா இருமுங்க” என்று சொல்லிவிட்டு, கை எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறேன். “ஊசி ஒண்டு போடட்டா?” என்று கேட்கிறேன். பாதிப்பேர் “உங்கட விருப்பம், மிஸ்” என்கிறார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வந்த மீன்பிடிக்கும் ஐயா ஒருவர், இருமச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்லை” என்றார். அதற்கும் என்னிடம் இலக்கம் இல்லை. கை காயத்துக்கு ஓடியது என்று ஓரத்தில் எழுதி, சிஸ்டரைக் கூப்பிட்டு மருந்து கொடுக்க வைத்தேன். கட்டத்தை வெறுமையாக விட்டேன். வெறும் கட்டத்துக்குப் பரிசோதகர் புள்ளி வெட்டுவாரா என்று கேட்டேன். வெட்டலாம் என்றார் சிஸ்டர்.

இரண்டாவது, என் முகம். அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று, மெஷினைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கேட்கப் பழகுகிறேன். மகள் பின்னால் வந்து நின்று, “உம்மா, ஏன் கோவம்?” என்று கேட்கிறாள். கோபமில்லை என்று சொன்னால், “அப்ப பயமா?” என்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிற முகத்தோடு வியாழக்கிழமை நான் எப்படிப் போய் நிற்பேன்? நோயாளி என்மேல் இரக்கப்பட்டு இன்னொரு தடவை நோவை விழுங்கிவிட்டால், நான் சித்தியடைந்தும் என்ன?

இதை வாசிக்கிறவர்களில் அப்படியோர் அறையில் கண் விழித்தவர்கள் இருப்பீர்கள். அன்று உங்களை யார் என்ன சொல்லிக் கேட்டிருந்தால், அதை எந்த முகத்தோடு கேட்டிருந்தால், நோவை உள்ளபடி சொல்லியிருப்பீர்கள்? உங்கள் வீட்டில் நோவைச் சொல்லாத ஓர் உம்மாவோ அப்பாவோ இருந்தால், அவரிடமிருந்து அதை எப்படி வாங்குகிறீர்கள்? தாதிகள் யாராவது இந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு நேர்மையான வழி கண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இலக்கமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வியாழக்கிழமைக்கு முன் எழுதினால் நல்லது. பிந்தினாலும் எழுதுங்கள். நான் எந்த வாட்டில் இருந்தாலும் அந்தக் கட்டம் என்னிடம் வரத்தான் போகிறது.