மேலே எழாத வலது கை

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும், ஒரு கோடை விடுமுறை. சேலத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார், பல்லி தொடாமல் ஊருக்குக் கிளம்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். வரதர் கோயில் கூரையில் பதித்த தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் விருந்தாளி வந்தால்தான் எட்டிப் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் போனேன். நாத்தனார் முந்திக்கொண்டு மேலே ஏறிவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் தற்செயலாகத் திரும்பினாள். அவளேதான்.

அவளும் நானும் ஒரே வகுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரில் இருந்த ஒரு கிளப்பின் மண் கோர்ட்டில் சேர்ந்தே டென்னிஸ் கற்றுக்கொண்டோம். ஒருநாள் அவள் ஜெயிப்பாள், மறுநாள் நான். சென்னையில் பயிற்சிக்கு எங்கள் இருவரையும்தான் கூப்பிட்டார்கள். அவள் அப்பா விடியற்காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். என் அம்மாவோ, "குட்டைப் பாவாடை போட்டுக்கினு ஊர் ஊரா ஓடினா உன்ன எவன் கட்டிக்குவான்?" என்று கேட்டார். அத்தோடு என் மட்டை பரணுக்குப் போயிற்று.

அவள் மாநில சாம்பியன் ஆனாள். பிறகு தொழில்முறை ஆட்டக்காரியாகி விமானம் ஏறினாள். பெயரே வாயில் நுழையாத ஊர்களில் எல்லாம் ஆடினாள். உலகப் புகழ் ஒன்றும் இல்லை. தகுதிச் சுற்றில் ஜெயிப்பாள், முதல் சுற்றில் தோற்பாள், அடுத்த ஊருக்குப் போவாள். ஆனால் எனக்கு அதுவே தாங்கவில்லை. பேப்பரில் அவள் படம் வந்தால் அந்தப் பக்கத்தைச் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே எண்ணெய்த் தூக்கை வைப்பேன். அவள் தோற்ற செய்தி வந்த அன்றைக்குக் காபிகூடக் கொஞ்சம் ருசியாக இருக்கும். முப்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிட்டாள் என்று படித்தபோது, அனுபவித்தது போதுமென்று உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏய், நீயா! இன்னும் இங்கதான் இருக்கியா?" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. பாவி, இடுப்பில் ஒரு மடிப்புகூட இல்லை. நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

படியேறியதும் அவள் பல்லியைத் தொட இடது கையை உயர்த்தினாள். அங்கே நின்றிருந்த கோயில் ஆள் சிடுசிடுத்தார். "வலது கையால தொடும்மா. பின்னாடி ஜனம் நின்னுக்கினு இருக்குது பாரு."

வலது கையைத் தூக்கினாள். அது தோள் உயரம்வரை போய் அங்கேயே நின்று நடுங்கியது. அதே கைதான் ஒரு காலத்தில் இடது கை மேலே போட்ட பந்தைத் தலைக்கு மேலிருந்து அறையும். பந்து என்னைத் தாண்டிப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவள் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். "ஆடி ஆடித் தோளு போயி, ரெண்டு தடவ ஆபரேஷன் ஆயிடுச்சிப்பா. தலைகூட அம்மாதான் வாரி விடறாங்க. நீ தொட்டுட்டு வா, நான் உன்னத் தொட்டுக்கறேன்."

பல்லியைத் தொட்டவரைத் தொட்டாலே அந்தப் பலன் உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் கையைத் தூக்கினேன். அலுங்காமல் மேலே போனது. இரண்டு பல்லிகளையும் தலையிலிருந்து வால்வரை நிதானமாகத் தடவினேன். பொய் சொல்வானேன், அந்த நிமிடம் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கீழே இறங்கியதும் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வலது உள்ளங்கை இன்னும், புதிதாகக் கொத்திய அம்மி போலச் சொரசொரத்தது. எங்கள் இருவருக்கும் மட்டை பிடித்துக் காய்த்த அதே இடங்கள்தான். எனக்கு எப்போதோ உதிர்ந்து வழுவழுப்பாகிவிட்டிருந்தது.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "இப்படி ஆயிடுச்சேன்னு வருத்தமா இல்லியா?" என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருட எரிச்சலும் அடங்கிவிடும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எதுக்குப்பா வருத்தம்? இந்தக் கை சரியாச்சுன்னா நாளைக்கே ஆடப் போயிடுவேன். திரும்பவும் கை போனாலும் போவட்டும்."

ஆட்டோவில் ஏறி, இடது கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். "யார் அண்ணி அது?" என்றார் நாத்தனார். கூடப் படித்தவள் என்று சொன்னேன்.

அவள் கோப்பைகள் மீதும் விமானப் பயணங்கள் மீதும் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. ஆனால் கொடியில் துணி உலர்த்த என் கை வலியில்லாமல் மேலே போகும்போதெல்லாம், போகட்டும் என்று அவள் விட்டுக்கொடுத்த அந்தக் கையின் மீது இன்றும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.