வாயால் சொல்ல வேண்டும்

என் அப்பா பத்திரம் எழுதுபவர். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் பதிவு அலுவலகத்தின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு இடம். அதில் ஒரு சாய்வு மேசை, எதிரில் ஒரு பெஞ்சு. விற்பனை, போக்கியம், பாகப்பிரிவினை என்று எல்லாவற்றையும் அந்த மேசையில்தான் எழுதினார். அல்சூரில் எங்கள் தெருவில் யார் வீடு மாறுவதாக இருந்தாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். பேச்சையெல்லாம் ஆபீஸ் வாசலிலேயே செலவழித்துவிட்டு வருகிறார் என்பாள் அம்மா.

பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அவர் வேலையை முடிக்கும் வரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். பத்திரங்கள் கன்னடத்திலோ இங்கிலீஷிலோதான் இருக்கும். எங்கள் பக்கத்துத் தமிழர்களெல்லாம் கன்னடம் சரளமாகப் பேசுவோம். எழுத்தைக் காட்டினால் முழிப்போம். அதனால் அப்பா எழுதி முடித்ததும் வரி வரியாக வாசித்து, வந்தவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்வார். தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் அவருக்கு வரும். சொல்லி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சம்மதமா?" என்று கேட்பார். தலையாட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"தலையாட்டறது பத்திரத்துல ஏறாது. வாயால சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் மைப்பெட்டியின் மூடியைத் திறப்பார். ஒரு தடவை, தங்கையின் பங்கை எழுதி வாங்க இரண்டு அண்ணன்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா கேட்டதும், "தங்கச்சிக்கு எல்லாம் சம்மதந்தான் சார், நீங்க மையக் குடுங்க" என்றான் மூத்தவன். "நான் அவங்கள கேட்டேன்" என்றார் அப்பா. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று அப்பா காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அண்ணன்கள் திட்டிக்கொண்டே போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படிப்பட்ட அப்பா இருக்கும்போது என்னைக் கேட்காமல் எனக்கு எதுவும் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மெல்லிய கம்பிகளைக் கோத்துப் பற்றவைக்கும் வேலை. பரீட்சை வைத்தார்கள், தேறிவிட்டேன். ஓர் ஒப்பந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி தருவார்கள், முடித்ததும் குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், நடுவில் விடக்கூடாது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அப்பா கேட்கிற மாதிரி என்னை நானே "சம்மதமா?" என்று கேட்டு, "சம்மதம்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வேலையை விரும்பியதுபோல் அதற்குப் பிறகு நான் எதையும் விரும்பியதில்லை.

என் கையெழுத்துக்குக் கீழே கார்டியனுக்கு என்று ஒரு கோடு இருந்தது. எனக்குப் பதினெட்டு ஆகியிருக்கவில்லை. தாளை அப்பாவிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கான்" என்றார். பிறகு, "நீ மைனர். உன் கையெழுத்து மட்டும் செல்லாது."

"அதுக்குத்தாம்பா நீங்க போடணும்."

"ஞாயித்துக்கிழம தட்டு மாத்தறோம்மா. கோலார் தங்கவயல்லேர்ந்து வராங்க. பையன் சுரங்க ஆபீஸ்ல கிளார்க். நான் வாக்குக் குடுத்தாச்சு."

தாளை மடிப்புக் கலையாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை உள் அறையில் உட்கார வைத்துப் பூ வைத்தார்கள். கூடத்தில் அப்பா லக்னப் பத்திரிகையை வாசிப்பது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவரே எழுதியது, ஆபீஸ் வாசலில் வாசிக்கிற அதே குரல். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள், பெரியவர்கள் சம்மதத்தோடு நிச்சயித்தபடி என்று வாசித்து முடித்தார். நான் காத்திருந்தேன். வாசித்து முடித்தால் அடுத்து அவர் கேட்பார் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. உள்ளே வந்து கேட்பார் என்று நிஜமாகவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகள் கை மாறும் சத்தம் கேட்டது. யாரோ சந்தனம் எங்கே என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. தொழிற்சாலையில் சேர வேண்டிய நாள் வந்தது. அன்று அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் படித்துக் கையெழுத்துப் போட்டது செல்லாது. எனக்கு வாசித்தே காட்டாதது செல்லும். சட்டம் தெரிந்தவர் வீட்டில் பிறந்ததால் இதை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம், கோபப்படக்கூட ஆள் இல்லை. தங்கவயலில் சுரங்கத்துச் சங்கு ஊதினால் எழுந்தேன், சமைத்தேன், பிள்ளைகள் பெற்றேன். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல அந்த வருடங்களை நடந்து கடந்தேன். வலி என்று ஒன்றும் இல்லை.

பிள்ளைகளின் படிப்புக்காகப் பெங்களூர் வருவது என்று முடிவானது. லிங்கராஜபுரத்தில் ஒரு வீடு போக்கியத்துக்குக் கிடைத்தது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, கெடு முடிந்து காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "உன் பேர்லயே எழுதிடு" என்று சொல்லி அனுப்பினார். அப்பாவின் மேசைக்கு எதிரே, அதே பெஞ்சில், வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

பத்திரத்தை எழுதி முடித்து வீட்டுக்காரருக்குக் கன்னடத்தில் வாசித்தார். அவர் சம்மதம் சொன்னார். பிறகு அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். பேனாவைக் கீழே வைத்தார். காகிதத்தைப் பார்த்தபடியே, "சம்மதமா?" என்றார்.

பிடித்த வீடுதான். கிணறு இருந்தது, பள்ளிக்கூடம் பக்கத்தில். சரி சொல்லத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை, தலையாட்டினேன்.

"வாயால சொல்லணும்மா" என்று நிமிர்ந்தார். கேட்பது யாரை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா, ஹேளி" என்று, சொல்லச் சொல்லி வீட்டுக்காரர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

"யோசிச்சுச் சொல்றேம்பா" என்றேன்.

வீட்டுக்காரருக்கு எரிச்சல். இத்தனை நாள் பேசி முடித்த பிறகு என்ன யோசனை என்று கன்னடத்தில் அப்பாவிடம் கேட்டார். அவங்க இன்னும் ஒத்துக்கலை, நாளைக்கு வாங்க என்று அப்பாவும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார்.

"வீடு புடிக்கலியாம்மா?"

"புடிச்சிருக்குப்பா."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா நாளைக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பஸ் வரும்வரை குடையைக் கை மாற்றிக்கொண்டே நின்றார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அல்சூரில் அம்மா வீடு போய்ச் சேரும் வரை அழுதேன். தட்டு மாற்றிய நாளில் வராத அழுகை. பக்கத்தில் இருந்த அம்மாள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

மறுநாள் அப்பா முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சம்மதம் என்று வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.