கஸ்பா பேட் வீட்டுக்கு வந்த எனாமல் பலகை

இன்று கஸ்பா பேட்டில், முற்றம் வைத்த பழைய வாடா வீடு ஒன்றின் வாசலில் வரலாற்றுத் தகவல் எழுதிய எனாமல் பலகையை ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். நின்று படித்தேன்.

"ஒரு காலத்தில் இங்கே பல குடும்பங்கள் வாழ்ந்தன" என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

உள்ளேயிருந்து ஈரக்கையோடு ஒரு பெண் வந்தார். அதைப் படித்துவிட்டு, பலகை மாட்டுகிறவரிடம் மராத்தியில் சொன்னார்.

"நாங்க இன்னும் இங்கதான குடியிருக்கோம், அண்ணா. காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் கேஸ் போட்டிருக்கார். நாளைக்கு இந்தப் பலகையையே கோர்ட்ல காட்டுவாரே."

பலகை மாட்டுகிறவர் தன் ஆபீசுக்கு போன் செய்து கேட்டார். மாட்டிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

"எனாமல் எழுத்து அக்கா, சுரண்டினாலும் போகாது" என்றார் தயக்கத்தோடு.

அந்தப் பெண் உள்ளே போய், குடும்பப் பெயர் எழுதிய சின்ன மரப்பலகை ஒன்றை எடுத்துவந்தார்.

"அப்ப இதையும் பக்கத்துல மாட்டிடுங்க."

அவர் சுவரில் துளை போட்டு மாட்டிக் கொடுத்தார்.

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "ரெண்டும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. நாலு பேருக்கு அனுப்புங்க."

நடுவில் தானே நின்றுகொண்டார். சிரிக்கவில்லை.

அந்தப் படம்தான் இது.

வரலாறு எழுதுகிறவர்கள் அதற்கு முன் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?