ஐந்தொகைக்கு ஒரு விசில்

கணக்கியல் சோதினையிலை தோக்கிறது பழகிப்போகும். தோற்ற பிறகு ஆளாளுக்கு வந்து சொல்லுற விளையாட்டுக் கதையளைத்தான் கடைசிமட்டும் பழகேலாது.

நீங்களும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதின ஆளெண்டா உங்களுக்கு நான் விளங்கப்படுத்த ஒண்டும் இல்லை. மற்றவைக்காகச் சொல்லுறன். எனக்கு ஊர் நீர்வேலி. யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு கணக்காய்வுக் கந்தோரிலை பயிற்சி எடுக்கிறன். பக்கத்துக் கதிரை வாசுகி, கொடிகாமத்திலையிருந்து பஸ்ஸிலை வாறவள். எங்கள் ரெண்டு பேருக்கும் மிச்சமிருந்தது ஒரேயொரு பாடம், நிதி அறிக்கை. அதிலை சோடியாத் தவறிக்கொண்டு வந்தம். இதுக்குள்ளை பழைய பாடத்திட்டம் முடியப்போகுது எண்டு அறிவிச்சுப்போட்டினம். அது முடியமுதல் இந்த ஒண்டை எடுக்காட்டி, பாஸ் பண்ணின பாடங்களும் சேர்ந்து போகும், எல்லாத்தையும் புதுசா எழுதவேணும். எனக்கு வயசு இருபத்தெட்டு. முதலிலையிருந்து தொடங்கிற தெம்பு என்னட்டை இல்லை, அதை ஒளிக்காமல் சொல்லிப்போடுறன்.

பத்தொன்பது ஓட்டம்

எங்கடை கந்தோர் சேர் பள்ளிக்கூடக் காலத்திலை கிரிக்கெட்டிலை முதல் இறங்கிற ஆள். நான் முதல்தரம் தவறின அண்டு அறைக்குள்ளை கூப்பிட்டு, பால் விடாத பிளேன்ரீயும் எடுப்பிச்சுத் தந்து, ஒரு மற்ச்சிலை காலமை தொடக்கம் பின்னேரம்வரை நிண்டு பத்தொன்பது ஓட்டம் எடுத்த கதையைச் சொன்னார். பந்து நெஞ்சிலை பட்டதாம். அசையேல்லையாம். தோக்கவேண்டிய ஆட்டம் சமநிலையிலை முடிஞ்சுதாம். "விக்கெட்டை விடாதை பிள்ளை, நிண்டு பிடி" எண்டார்.

நானும் நம்பினன். ரெண்டாந்தரம் முதல் கேள்வியிலையே ஐந்தொகை இடிச்சுது. சொத்துப் பக்கமும் கடன் பக்கமும் கூட்டினா ஒண்டா வரவேணும், வரேல்லை. நான் விக்கெட்டை விடேல்லை. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை நிண்டு, தேடித் தேடி, வெட்டி வெட்டி, கடைசியிலை பொருந்திச்சுது. எனக்கு அழுகையே வந்திட்டுது. நிமிர்ந்து பாத்தா நேரம் முடியப்போகுது, பின்னாலை மூண்டு கேள்வி தொடாமல் கிடக்கு.

றிசல்ட் வந்த பிறகு, நீங்கள் சொன்னபடிதான் சேர் நிண்டனான் எண்டு போய்ச் சொன்னன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஆறுதலாத் துடைச்சார். "நிண்டது சரி பிள்ளை. ஆனா நான் நிண்ட அண்டைக்கு மற்றப் பக்கத்திலை அடிக்கிறதுக்கு ஆக்கள் இருந்தவை."

விழுந்தால் எழும்பு

மூண்டாந்தரத்துக்கு ஒரு மாசம் இருக்கேக்கை, நாங்கள் போற ரியூசனிலை ஒரு கருத்தரங்கு வைச்சினம். தலைப்பு "விழுந்தால் எழும்பு". தொண்டைமானாற்றுப் பக்கத்து நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருத்தரைப் பேசக் கூட்டிவந்தினம். மனிசன் கடற்தொழில் செய்யிறவர், அண்டு காலமையும் தொழிலுக்குப் போட்டு வந்திருக்கிறார், கண் ரெண்டும் சிவந்துபோய்க் கிடந்தது. ரியூசன் நடத்துறவர் ஒலிவாங்கியைக் கையிலை குடுத்து, எங்கடை பிள்ளையளுக்கு மன உறுதியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கோ அண்ணை எண்டார்.

அவர் நாலு வார்த்தைக்கு மேலை சொல்லேல்லை. காலமையிலை ஓடினா வெயில் குறைவு எண்டார், தண்ணி குடியுங்கோ எண்டார். எங்களுக்குப் போதேல்லை. பின்வரிசை வாங்கிலை இருந்து ஒரு பெடியன் எழும்பி, ஓடேக்கை இனி ஏலாது எண்டு வந்தா என்ன செய்வியள் எண்டு கேட்டான். அவ்வளவு பேரும் கொப்பியைத் திறந்து பேனையும் கையுமா இருக்கிறம். அவர் ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாத்தினார். "நடப்பன் தம்பி. நடக்கவும் ஏலாட்டி, றோட்டாலை வாற மினிவானை மறிச்சு ஏறி வீட்டை போயிடுவன்."

ரெண்டாம் பரிசு

மூண்டாந்தரமும் போச்சு. வீட்டை சித்தப்பா வந்தார். ஊர்க் கரப்பந்தாட்டக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். எங்கடை கழகம் வருசா வருசம் இறுதிப்போட்டிக்குப் போகும், வருசா வருசம் தோக்கும். கழகத்து அலுமாரி நிறைய ரெண்டாம் பரிசுக் கிண்ணங்கள்தான், முதல் பரிசுக்கெண்டு மேல்தட்டை வெறுமையா விட்டுவைச்சிருக்கினம். அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்ற வந்தவர். நாங்கள் விட்டிட்டமோ பிள்ளை, நீ ஏன் விடவேணும் எண்டார்.

எனக்குக் களைச்சுப்போச்சு. சித்தப்பா, தோத்த அண்டைக்கு உங்களுக்கு நித்திரை வருமோ எண்டு கேட்டன். பகிடிக்கெண்டு நினைச்சுச் சிரிச்சவர், என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை நிப்பாட்டினார். "நாங்கள் தோத்தா அண்டைக்கே கொத்துரொட்டி சாப்பிட்டிட்டு மறந்திடுவம். நீ மாசக்கணக்காக் காத்திருந்தெல்லே தோக்கிறாய்."

சாப்பாட்டு நேரம்

வாசுகி வலைப்பந்து விளையாடுறவள், கோல் காக்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளின்ரை மற்ச் பாக்கப் போனன். மற்றக் குழு எறிஞ்ச பந்து வளையத்துக்குள்ளை விழமுதலே அவள் திரும்பித் தன்ரை இடத்துக்கு நடக்கிறாள். ஒருக்காலும் அண்ணாந்து பாக்கேல்லை. கவலையில்லையோடி எண்டு கேட்டதுக்கு, கவலைப்பட்டுக்கொண்டு நிண்டா அடுத்ததும் உள்ளை போயிடும் எண்டாள். மூண்டு வருசத்திலை எனக்கு உருப்படியாக் கிடைச்ச விளையாட்டுக் கதை அது ஒண்டுதான்.

பேந்து அவளே ஒரு வழி கண்டுபிடிச்சாள். உனக்குத்தான் ஐந்தொகையை விடேலாத வியாதி, எனக்கு விட்டுப் பழக்கம், உன்னை நான் பழக்கிறன் எண்டாள். மத்தியானம் சோத்துப் பார்சலை வேளைக்குச் சாப்பிட்டிட்டு, நான் ஒரு கேள்வியைச் செய்யவேணும். முப்பது நிமிசத்திலை அவள் விசில் ஊதுவாள். பொருந்தினாலும் சரி, பொருந்தாட்டியும் சரி, பேனையைப் பறிச்சுப்போட்டு அடுத்த கேள்வியைத் தருவாள். சோதினைக்கு இருந்த ஆறு கிழமையும் விசில் அவளின்ரை வாயிலை, பேனை என்ரை கையிலை. முதல்நாள் அவள் ஊதின ஊதிலை கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த கந்தோர் அக்கா கதிரையாலை விழப்பாத்தா. அறைக்குள்ளையிருந்து சேரின்ரை குரல் மட்டும் வந்தது. "ஆர் பிள்ளை அவுட்?"

கடைசித் தரம்

பழைய பாடத்திட்டத்தின்ரை கடைசிச் சோதினை. ஐந்தொகை பொருந்தேல்லை. இதென்ன கோதாரி எண்டு திரும்ப ஒருக்காக் கூட்டிப்பாத்தன். கந்தோரிலையெண்டா இப்ப ஊதியிருப்பாள் எண்டு மணிக்கூட்டைப் பாத்தன். சரியா முப்பது நிமிசம். வித்தியாசத்தை அப்பிடியே ஒரு வரியிலை எழுதிவிட்டிட்டு, மனசில்லாமல் பக்கத்தைப் புரட்டினன். வாழ்க்கையிலை முதல்தரமா எல்லாக் கேள்வியும் செய்து முடிச்சன்.

வெளியிலை வந்தா வாசுகி மதிலோடை சாய்ஞ்சுகொண்டு நிக்கிறாள். நான் விட்டிட்டன்டி, பொருந்தேல்லை, விட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டன் எண்டு துள்ளிக்கொண்டு சொன்னன். அவள் நல்லது எண்டாள். நீ எண்டு கேட்டன். தண்ணிப் போத்திலின்ரை மூடியைத் திறக்கிறதும் பூட்டுறதுமா நிண்டாள். அவளுக்கும் பொருந்தேல்லை. அவள் அதிலையே நிண்டிட்டாள், ரெண்டு கேள்வி தொடேல்லை. நீதானே எடி எனக்குச் சொல்லித் தந்தனி எண்டன். "உனக்கு நான் ஊதினன். எனக்கு ஆரும் ஊதேல்லையே."

மெல்லமா

றிசல்ட் கந்தோர் நேரத்திலை வந்தது. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போனைத் திறந்தம். நான் பாஸ். அவள் இல்லை. எனக்குச் சந்தோசம் வந்தது, வந்த கையோடை வெக்கமும் வந்தது. ஆறு கிழமை அவளின்ரை சாப்பாட்டு நேரத்தை எடுத்திருக்கிறன். நீ எப்ப எழுதிப் பாக்கப்போறாய் எண்டு ஒருநாள் கேட்டனானே? கேக்கேல்லை. சேர் வந்து வாசுகிக்கு முன்னாலை நிண்டார், பத்தொன்பது ஓட்டத்தைத் தொடங்கப்போறார் எண்டு பயந்தன். அவர் அவளுக்கொரு பிளேன்ரீ மட்டும் சொல்லிவிட்டிட்டுப் போனார்.

ஒரு கிழமை அவள் என்னோடை பெரிசாக் கதைக்கேல்லை. நானும் கரைச்சல் குடுக்கேல்லை. அடுத்த திங்கள் மத்தியானம் புதுப் பாடத்திட்டப் புத்தகத்தை அவளின்ரை மேசையிலை வைச்சு, கீழ் லாச்சியை இழுத்துத் திறந்து விசிலை எடுத்தன். இனி நீ எழுது, நான் ஊதுறன் எண்டன். அவள் புத்தகத்தைப் பாத்தாள். அது முந்தினதைவிடத் தடிப்பு. பிறகு என்னைப் பாத்தாள். பேனை மூடியைக் கழற்றினாள். "மெல்லமா ஊது. சேர் பேந்தும் ஆர் அவுட் எண்டு கேப்பார்."

பாஸ் பண்ணின பிறகும் மத்தியானச் சோத்தை அரைவயிற்றோடை மூடிவைச்சிட்டு விசில் ஊதிக்கொண்டிருக்கிற கணக்காளர் யாழ்ப்பாணத்திலை நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.