கண்ணாடிக் கதவும் அக்காவின் வலது கையும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. என் அக்காவுக்கு அது கிடையாது. முடி வெட்டுகிறவளுக்குக் கோபம் வந்தால் நாற்காலியில் இருப்பவளுடைய காது போய்விடும் என்பாள். அவள் வீட்டின் பின்னறையில் ஒரு பெரிய கண்ணாடி, தலை கழுவும் தொட்டி, மிதித்தால் உயரும் கனத்த சலூன் நாற்காலி. அவ்வளவுதான் அவளுடைய கடை. தெருவில் பாதிப் பெண்களின் தலை அவள் கைக்குப் பழக்கம். அழுதுகொண்டு வருகிறவர்களுக்குக்கூட முதலில் தலையைக் கழுவிவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பாள்.

வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்து வருவதில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்முற்றத்துக்கு வந்து, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். பக்கவாட்டில் ஓடுகிற ஸ்லைடிங் கதவு. ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி, சுற்றிலும் அலுமினியச் சட்டம். அந்தக் கதவைத் தள்ளத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானது என்று டாக்டர் சொன்னார். அவருக்கு லேசு. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. அது திரும்பாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். கால் மெதுவாக வழிக்கு வந்தது. வலது கை மட்டும் முரண்டு பிடித்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

பயிற்சி கொடுக்க வந்த பெண், "தினமும் வீட்டு வேலை ஏதாவது ஒண்ணை அந்தக் கையாலயே செஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் ஆயிரம் வேலை இருக்க, அக்கா பிடித்துக்கொண்டது இந்தக் கதவை. காலையில் குளித்துவிட்டு வந்ததும் வலது கையால் அதைத் தள்ளுவாள். கதவு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு கை வந்திருக்கிறது என்பது அவள் கணக்கு. முதல் வாரம் கதவு நன்றாகவே ஓடியது. எனக்கு போன் செய்து, "இன்னிக்குப் பாதிக்கு மேல போச்சுடி" என்றாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். பிறகு கதவு இறுகத் தொடங்கியது. ஒரு முழம் போனது அரை முழமானது. சில நாள் அசையவே இல்லை. போன் வருவதும் நின்றுபோனது.

நானே போய்க் கேட்டேன். "கை வரலடி. வந்தது திரும்பப் போகுது" என்றாள். நாற்காலியைக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாள். கடைத்தெருவில் புதிதாக சலூன் போட்டிருக்கிற ஒருவரிடம் பேசியாகிவிட்டதாம். சனிக்கிழமை வண்டியோடு வருகிறாராம். நான் கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் மிரட்டியும் பார்த்தேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தள்ளு கதவையே தள்ள முடியாத கையை நம்பி யாருடி தலையைக் குடுப்பா?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதில் இல்லாதபோது எனக்கு இன்னும் கோபம் வரும்.

சனிக்கிழமை அறையை ஒழிக்க உதவுவதாகச் சொல்லிக்கொண்டு போனேன். உதவுகிற எண்ணமெல்லாம் இல்லை. தடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். சலூன்காரர் வந்துவிட்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து, வீட்டுக்குள் போகிற வாசலை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் அடித்தட்டு வட்ட இரும்பு. உள்வாசல் வழியாக அது போகாது. அந்த நாற்காலி வந்ததே கண்ணாடிக் கதவு வழியாகத்தான். கண்ணாடிக் கதவோ முழங்கை நுழைகிற அளவுக்கு மேல் திறக்க மாட்டேன் என்கிறது. அவர் தள்ளினார், அத்தான் தள்ளினார், இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவு கிறீச்சிட்டதே தவிர நகரவில்லை.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஏங்க, ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து தள்ளியும் வராத கதவை இவ ஒத்தைக் கையால தள்ளிப் பார்த்துட்டுக் கை போச்சுன்னு உக்காந்திருக்கா. அத்தான், நீங்க எதையும் கவனிக்கிறதே இல்லையா?"

அத்தான் கதவையே பார்த்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். வழியில் எது வந்தாலும் ஹாரன் அடித்துப் பழகியவர், வீட்டில் மட்டும் சத்தமே காட்ட மாட்டார்.

கதவைக் கழற்றுவது என்று முடிவானது. நாற்காலி போக வேண்டும் என்பதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறவள். கதவுச் சக்கரம் எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூட மாட்டியதில்லை. அதை வெளியே சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். கதவின் அடியில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருப்பினால் சக்கரம் உள்ளே போகும், கதவு இறங்கும், பிறகு மேலே தூக்கி அடிப்பக்கத்தை, அது ஓடுகிற தண்டவாளத்திலிருந்து வெளியே இழுக்கலாம். இதெல்லாம் கேள்வி ஞானம். அத்தான் என் கையிலிருந்து பிடுங்கி எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தொலைத்தார். கதவு இறங்குவதற்குப் பதில் ஏறி, மேல் சட்டத்தில் போய் முட்டிக்கொண்டது.

"பஸ் ஓட்டினவரா நீங்க, இல்ல ரிவர்ஸ்லயே போயிட்டிருந்தவரா?" என்றேன். சலூன்காரர் சிரிப்பை அடக்க இருமினார். அக்காவும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ஸ்க்ரூவைச் சரியான பக்கம் திருப்பிக் கதவை இறக்கிய பிறகு, மூன்று பேரும் சேர்ந்து அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். கண்ணாடிக் கதவு அவ்வளவு கனக்கும் என்று நினைக்கவே இல்லை. சலூன்காரர் குனிந்து தண்டவாளத்தில் விரலை ஓட்டினார். விரல் நுனி முழுக்கக் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இது கிரீஸ் இல்லக்கா. சமையல் எண்ணெய்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அந்த வீட்டில் சமைக்கிறவர் இப்போது அவர்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவ குளிக்கப் போற நேரத்துல கொஞ்சம் ஊத்துவேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "மொத நாள் நல்லா ஓடுச்சு. அன்னிக்கு அவ மொகத்தைப் பார்த்திருக்கணும். அடுத்த வாரம் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் ஊத்துனேன். இறுக இறுக ஊத்துனேன்."

எண்ணெயில் மண்ணும் தூசியும் வந்து ஒட்டும், ஒட்ட ஒட்ட இறுகும் என்பது கடையில் நிற்கிற எனக்குத் தெரியும். வாய்க்கு வந்தபடி பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது எழுதினால் அத்தான் மனம் கஷ்டப்படும். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மொத வாரம் தெறந்தது என் கை இல்லையா?"

"அதுக்கப்புறம் தெறக்காததும் உன் கை இல்லக்கா" என்றேன்.

"அப்ப என் கை எங்கதான் இருக்கு?"

அவள் வலது கையை மடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் போய் நின்றார். தொடப் பயந்து, நின்றபடியே இருந்தார்.

வேலை பாதியில் கிடந்ததால் நான் சக்கரங்களைக் கழற்றினேன். வெறும் எண்ணெய் இல்லை. அச்சைச் சுற்றி முடி, நூல்கண்டு மாதிரி. முடி வெட்டி முடித்ததும் அக்கா அந்தக் கதவு வழியாகத்தான் தரையைப் பெருக்கி முற்றத்துக்குத் தள்ளுவாள். வருடக்கணக்கான முடி. கத்தியால் அறுத்துப் பார்த்தேன், வரவில்லை. சலூன்காரர் முயன்று பார்த்தார். "குடுங்க இங்க" என்று அக்கா ஒரு சக்கரத்தை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டாள். புருவம் எடுக்கிற இடுக்கியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஒவ்வொரு இழையாக இழுத்தாள். கறுப்பு, வெள்ளை, செம்பட்டை. "இது பல் டாக்டரம்மாவோட கலர். மூணு தடவை மாத்தினா, ஒண்ணும் பிடிக்கல அவளுக்கு" என்றாள். "இந்தச் சுருட்டை, மூலை வீட்டுக்காரியோடது. கல்யாணத்துக்கு மொத நாள் வந்து, ஒட்ட வெட்டிவிடுன்னு ஒத்தக்கால்ல நின்னா. மாட்டேன்னுட்டேன்." கதை சொல்லச் சொல்ல இழை வந்துகொண்டே இருந்தது. நான் தண்டவாளத்தைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். இடுக்கி அவளுடைய வலது கையில் இருந்தது. விரல் நடுங்கியது, இரண்டு முறை நழுவியது, ஆனால் பிடித்தது. அத்தானும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

ஒரு சக்கரம் முடியை எடுத்ததும் சுழன்றது. இன்னொன்று ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு நடந்து போய், அதே அளவில் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தேன். மாட்டினோம். கதவை மறுபடி தூக்கி நிறுத்தினோம். ஸ்க்ரூவை இந்தத் தடவை நானே திருப்பினேன், சட்டம் சாயாமல் நிற்கும்வரை. தாழ்ப்பாள் சரியாகப் பொருந்தியது. அத்தான் ஒரு விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் ஓடிக் கடைசியில் போய் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீ தள்ளுக்கா."

அவள் எழுந்து வந்து வலது கையால் தள்ளினாள். முழுக்கத் திறந்தது. அவள் முகம் மலரவில்லை. "இது காத்தடிச்சாலும் தெறக்கும்டி. இதுல என்ன தெரியும்?" என்றாள். உண்மைதான். இனி அந்தக் கதவை வைத்து எதையும் அளக்க முடியாது. வழிதான் விசாலமாகத் திறந்து கிடந்தது, நாற்காலி போவதற்கு.

சலூன்காரர் தயங்கித் தயங்கி நாற்காலியின் முதுகைப் பிடித்துச் சாய்த்தார். குனிந்தவருடைய பின்னங்கழுத்து அக்காவின் கண்ணில் பட்டது.

"தம்பி, உங்களுக்கு யாரு முடி வெட்டுறது?"

"என் பார்ட்னர்தான்கா."

"அவருக்கு உங்க மேல ஏதாவது கோபமா?"

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தடவிப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். "தன் தலையைத் தானே வெட்டிக்க முடியலயேக்கா."

"உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். சலூன்காரர் உட்கார்ந்தார். அக்கா துணியைப் போர்த்திவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து வலது கை விரல்களை ஒவ்வொன்றாக அதற்குள் நுழைத்தாள். கட்டைவிரல் போக அடம் பிடித்தது. இடது கையால் பிடித்து உள்ளே தள்ளினாள். ஒரு தடவை சீப்பு கீழே விழுந்தது. அத்தான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். நடுநடுவே கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுத்தாள். மற்றவர்களுக்கு எடுப்பதைப் போல மூன்று மடங்கு நேரம் எடுத்தது. சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். தொழில் தெரிந்தவர், அவள் கையில் எங்கே நடுக்கம், எங்கே உறுதி என்பது அவருடைய தலைக்குத் தெரிந்திருக்கும்.

முடிந்ததும் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பின்பக்கம் காட்டினாள். அவர் அப்படியும் இப்படியும் திரும்பி வெகு நேரம் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடது காதுகிட்ட ஒரு இழை தூக்கிட்டு நிக்குதுக்கா" என்றார்.

"தெரியுது" என்றாள் அக்கா. அதை வெட்டினாள்.

அவர் எழுந்து, துணியை உதறி மடித்து, நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு கதவருகில் போய் நின்றார்.

"அடுத்த மாசம் எப்பக்கா வரட்டும்?"

அக்கா நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"போன் பண்ணிட்டு வாங்க தம்பி" என்றாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."